குழந்தை சாகாத மான்டி கிறிஸ்டோ

'தி கவுன்ட் ஆஃப் மான்டி கிறிஸ்டோ' 2002 படத்தைப் பார்த்தவர்கள் இனி அலெக்சாந்தர் டூமாவின் நாவலைப் புரட்ட வேண்டியதில்லை, முடிவுகூடப் படத்தில்தான் நிறைவாக இருக்கிறது என்று நேற்று எழுதியவருக்கு நான் அளித்த மறுப்பு நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே இங்கே எழுதுகிறேன். அந்தப் படம் பழிவாங்கலை எடுத்துக்கொண்டு, அதற்குக் கொடுத்த விலையை விட்டுவிட்டது.

பொய்க் குற்றச்சாட்டில் சிறைவைக்கப்பட்டு, தப்பி, மான்டி கிறிஸ்டோ பிரபுவாகப் பழிவாங்கத் திரும்புபவன் எட்மண்ட். நாவலில் ஆல்பர்ட், அவனுக்குத் துரோகம் செய்த ஃபெர்னானின் மகன். ஆல்பர்ட்டும் எட்மண்டும் துப்பாக்கியோடு மோதவிருந்த நாளுக்கு முந்தைய இரவு, ஆல்பர்ட்டின் தாயும் எட்மண்டின் பழைய காதலியுமான மெர்சிடிஸ் வந்து மகனுக்காக மன்றாட, பகைவனின் பிள்ளைக்காகத் தன் உயிரையே விட எட்மண்ட் சம்மதிக்கிறான். படத்திலோ ஆல்பர்ட் எட்மண்டுக்கே பிறந்தவன். பெற்ற பிள்ளையைக் கொல்லாமல் விடுவதில் என்ன பெருந்தன்மை இருக்கிறது?

ஆயிரம் பக்கங்களுக்கு மேல் நீளும் நாவலைச் சுருக்காமல் எப்படிப் படமாக்குவது என்பார்கள். சுருக்கியதை நான் குறை சொல்லவே இல்லை. எட்மண்ட் விலைக்கு வாங்கி வளர்த்த அடிமைப் பெண் ஹைதியை நீக்கியதைப் பொறுத்துக்கொண்டேன். சிறையில் மொழிகளும் கணிதமும் கற்பித்த பாதிரியார் ஃபாரியா, படத்தில் வாள்வீச்சும் கற்பிப்பதைக்கூட ஏற்றுக்கொண்டேன். 1844-இல் நாளிதழ்த் தொடராகத் தொடங்கிய ஜனரஞ்சகக் கதைதானே என்றும் கேட்கிறார்கள். ஜனரஞ்சகமாக எழுதிய அந்த டூமாதான் தம் வாசகர்களை ஒரு குழந்தையின் சடலத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தினார்.

எட்மண்டைச் சிறைக்கு அனுப்பிய அரசு வழக்கறிஞர் வில்ஃபோரின் மனைவியிடம் நஞ்சுகளைப் பற்றி நயமாகப் பேசி அவள் மனத்தில் விதை போட்டவன் எட்மண்ட். அவள் கடைசியில் தன் சிறுவன் எட்வர்டுக்கும் நஞ்சூட்டித் தானும் சாகிறாள். அவனைப் பிழைக்க வைக்க எட்மண்ட் போராடித் தோற்கிறான். கடவுள் தன் பக்கம் நிற்கிறார் என்று அதற்கு மேல் அவனால் சொல்ல இயலவில்லை. எஞ்சிய பகைவனான டாங்லாரை அவன் மன்னிப்பது அதன் பிறகுதான். படத்தில் அந்தக் குழந்தையின் சாவே இல்லை. நாவலில் தன்னைத்தானே சுட்டுக்கொள்ளும் ஃபெர்னானைப் படத்தில் எட்மண்ட் வாளால் கொல்கிறான். பிறகு மெர்சிடிஸும் மகனும் அவனுக்கே கிடைத்துவிடுகிறார்கள். விலையே கொடுக்காமல் எல்லாம் திரும்பக் கிடைப்பதற்குப் பெயர்தான் நிறைவா?

எனக்கு மிக நெருங்கிய ஒருவர் செய்த துரோகத்தை மறக்க இயலாமல், அவர் அழிந்துபோக வேண்டும் என்று இரவெல்லாம் எண்ணிக்கொண்டிருந்த காலத்தில்தான் எட்வர்ட் சாகும் அந்த அத்தியாயத்தைப் படித்தேன். அவருக்கும் ஒரு சிறு மகள் இருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதைப் புத்தகத்துக்காக ஏன் இவ்வளவு கொதிக்கிறாய் என்று கேட்டவர்களுக்கு வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

படத்தின் வாள்சண்டைகள் விறுவிறுப்பானவைதாம், ரசிப்பவர்கள் தாராளமாக ரசிக்கட்டும். ஆனால் எட்வர்டின் சாவை நீக்கிவிட்ட ஒரு கதையைக் காட்டி, இனி டூமாவைப் படிக்கத் தேவையில்லை என்று இளையவர்களிடம் சொல்லாதீர்கள்.