கவுன்சலிங் போனால் வீட்டுக்குத் தகவல் போகுமா?

கல்லூரியில் மனநலக் கவுன்சலிங் போகும் மாணவரின் பெற்றோருக்குக் கட்டாயம் தெரிவிப்பார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். 18 வயது நிரம்பியவர்களுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லைங்க.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23: சிகிச்சை தரும் மருத்துவத் துறையினர் தகவலை ரகசியமாக வைத்திருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, உயர் நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் உண்டு. அப்போதும் தேவையான அளவுதான் சொல்லலாம். 'இந்தியா கோட்' அரசுத் தளத்தில் சட்டத்தின் பெயரைப் போட்டால் பிரிவு 23-ஐ நீங்களே படிக்கலாம்.

முதலாண்டில் பலருக்கு 17 வயதுதான். அவர்கள் விஷயத்தில் பெற்றோருக்குப் பங்கு உண்டு. கல்லூரியே நியமித்த கவுன்சலர் என்றால், பேசத் தொடங்கும் முன்பே "நான் சொல்வதை எங்கே எழுதி வைப்பீர்கள், யார் பார்ப்பார்கள்?" என்று கேளுங்கள். தயங்காமல் கேட்கலாம், அது உங்கள் உரிமை.

விஷயம் கசியக்கூடிய ஓர் இடம், கவுன்சலிங் போன நேரத்து அட்டெண்டன்ஸுக்காகக் கவுன்சலரிடம் வாங்கும் கடிதம். துறைத் தலைவர் மேசைக்குப் போகும் தாள் அது. வந்த தேதி, நேரம் மட்டும் போதும், காரணம் வேண்டாம் என்று சொல்லி வாங்குங்கள்.

கல்லூரிக்குள் பேசவே தயக்கமென்றால் 14416-ஐ அழையுங்கள். அது 'டெலி மானஸ்' என்ற அரசின் மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.