ஜிஎஸ்டி போச்சு சரி, பிரீமியம் எங்கே குறைஞ்சுது?

2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று அறிவிப்பு வந்த அன்று என் டைம்லைன் முழுக்க ஒரே கொண்டாட்டம். 18 சதவீத வரி மொத்தமாகப் போனது நல்லதுதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அந்த 18 ரூபாய் கடைசியில் யார் பையில் தங்குகிறது என்பதுதான் என் கேள்வி.

கணக்கு சின்னதுதான். பிரீமியம் 30,000 என்றால் வரி 5,400 சேர்த்து 35,400 கட்டிக்கொண்டிருந்தோம். இப்போது 30,000 போதும். அடுத்த ரென்யூவலில் "மருத்துவச் செலவு ஏறிவிட்டது" என்று 15 சதவீதம் ஏற்றினால் 34,500. ஒரே வருஷத்தில் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்து நிற்போம். ஒரே வித்தியாசம், முன்பு அரசாங்கத்துக்குப் போனது இப்போது கம்பெனிக்குப் போகும்.

இன்னொன்றும் நடந்தது, அதை அவ்வளவாக யாரும் பேசவில்லை. கம்பெனிகள் ஆபீஸ் வாடகை, சாஃப்ட்வேர், ஏஜென்ட் கமிஷன் எல்லாவற்றுக்கும் கட்டுகிற ஜிஎஸ்டியை நம்மிடம் வசூலித்த வரியில் கழித்துக்கொண்டிருந்தன. வசூலே இல்லை என்றான பிறகு எதில் கழிப்பது? அந்தச் சுமையை முதலில் ஏஜென்ட் தலையில் இறக்கினார்கள். கமிஷன் இனிமேல் "வரி உட்பட" என்று பல கம்பெனிகள் அறிவித்துவிட்டன. எனக்குப் பாலிசி போட்டுக் கொடுக்கும் தம்பி டீக்கடையில் புலம்பினான், "அண்ணே, உங்களுக்கு வரி போச்சு, எனக்கு ஆயிரம் ரூபாய்க்கு 847 தான் கைக்கு வருது." ஆயிரத்தை 1.18-ஆல் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதுதான் வரும்.

கம்பெனியில் வேலை பார்ப்பவர்களின் குரூப் பாலிசிக்கு இந்தச் சலுகையே கிடையாது, அதற்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. அம்மா அப்பாவைக் கைக்காசு போட்டு அந்தப் பாலிசியில் சேர்த்திருப்பவர்கள் சம்பள ஸ்லிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டுத் துறையைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ 2024-இல் கொண்டுவந்த மாற்றங்களை நான் மனதார வரவேற்கிறேன். ஏற்கெனவே இருக்கும் சுகர், பிரஷருக்கான காத்திருப்புக் காலம் (அதுவரை அந்த நோய்க்குக் கிளெய்ம் கிடையாது) அதிகபட்சம் நாலு வருஷமாக இருந்தது மூன்றானது. ஐந்து வருஷம் விடாமல் பிரீமியம் கட்டியிருந்தால், மோசடியை நிரூபித்தால் ஒழிய, "நீ அதைச் சொல்லவில்லை, இதை மறைத்துவிட்டாய்" என்று கிளெய்மைத் தள்ள முடியாது. முன்பு இது எட்டு வருஷம். 65 வயது தாண்டியவர்களும் புதிதாகப் பாலிசி எடுக்கலாம். 2025 ஜனவரியில் இன்னொன்று வந்தது, மூத்த குடிமக்களுக்கு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் ஐஆர்டிஏஐயிடம் முன்கூட்டியே கலந்து பேச வேண்டும். எல்லாமே நியாயமானவை. ஆனால் வயதானவர்களும் நோயாளிகளும் உள்ளே வந்தால் கிளெய்ம் கூடும், பெரியவர்களிடம் ஏற்றுவதற்குக் கடிவாளம் போட்டால் ஐம்பதுகளில் இருப்பவனிடம்தான் கை வைப்பார்கள். லாபத்தைக் குறைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். 2023-24-இல் மருத்துவக் காப்பீடு மட்டுமே விற்கும் கம்பெனிகள் வாங்கிய ஒவ்வொரு 100 ரூபாயிலும் கிளெய்மாகத் திருப்பிக் கொடுத்தது சுமார் 65. அரசுக் கம்பெனிகளில் அது நூறையே தாண்டியது. நடுவில் இவ்வளவு இடம் இருக்கும்போது எல்லாச் சீர்திருத்தத்துக்கும் பில்லை நம் பெயரில் போடுவது எனக்குச் செரிக்கவில்லை.

அதைவிடப் பெரிய ஓட்டை மருத்துவமனையில் இருக்கிறது. தனியார் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் கேட்பது என்ன? "கேஷா, இன்சூரன்ஸா?" அந்த பதிலை வைத்துத்தான் மீட்டர் ஓடத் தொடங்குகிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருபவருக்கு அரசு நிர்ணயித்த பேக்கேஜ், தனியார் பாலிசிக்காரருக்குக் கம்பெனியோடு பேசிய ரேட், பணம் கட்டுபவருக்கு மூன்றாவதாக ஒன்று. ஒரே டாக்டர், ஒரே தியேட்டர், மூன்று விலை. திட்டத்தின் ரேட் கட்டுப்படியாகவில்லை, மற்றவர்களிடம் வாங்கித்தான் சமாளிக்கிறோம் என்று மருத்துவமனைக்காரர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். அப்படியானால் ஏழைக்கு அரசு கொடுக்கும் சலுகையில் ஒரு பங்கை பாலிசிக்காரன் கட்டுகிறான், அவனுக்கே தெரியாமல்.

விலையைக் கட்டுப்படுத்தவே முடியாது என்று யாராவது சொன்னால் இதய அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட்டைக் காட்டுங்கள். 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள், அதுவரை லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. பொருளுக்கு வைத்த வரம்பை அறை வாடகைக்கும் தியேட்டர் சார்ஜுக்கும் வைக்கத்தான் யாருக்கும் மனசு வரவில்லை.

அறை வாடகை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். பாலிசியில் அறைக்கு 5,000 வரம்பு, நீங்கள் எடுத்தது 8,000 அறை. வித்தியாசம் நாளைக்கு மூவாயிரம்தானே, கையிலிருந்து கொடுத்துவிடலாம் என்று நினைப்பீர்கள். பல பாலிசிகளில் அப்படி இல்லை. டாக்டர் ஃபீஸ், சர்ஜரி சார்ஜ், நர்சிங் என்று எல்லாவற்றிலும் எட்டில் ஐந்து பங்குதான் கிடைக்கும். மருந்துக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் இந்த வெட்டு கூடாது என்று விதி இருப்பதே பலருக்குத் தெரியாது, டிஸ்சார்ஜ் அன்று கையெழுத்துப் போடும் அவசரத்தில் யார் கேட்கப் போகிறார்கள்?

இத்தனைக்கும் நடுவில் எதிலுமே சேராத ஒரு கூட்டம் இருக்கிறது. அரசுத் திட்டத்துக்கு வருஷ வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், அதாவது மாசம் பத்தாயிரம். பதினெட்டாயிரம் சம்பாதிக்கும் ஜவுளிக்கடை ஊழியருக்கு அந்த அட்டையும் இல்லை, முப்பதாயிரம் பிரீமியம் கட்ட வக்கும் இல்லை. நாட்டில் இப்படிப்பட்டவர்கள் மக்கள்தொகையில் 30 சதவீதமாவது இருப்பார்கள் என்று நிதி ஆயோக்கே 2021-இல் எழுதிவிட்டது. வரி பூஜ்யமானதில் இவர்களுக்கு என்ன லாபம்? பாலிசியே எடுக்க முடியாதவருக்கு பாலிசி மேல் வரிவிலக்கு. பிரீமியத்துக்குக் கிடைக்கும் வருமான வரிக் கழிவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். சலுகை என்று எதை எடுத்தாலும் ஏற்கெனவே கட்ட முடிந்தவனைத் தேடித்தான் போகிறது.

ரென்யூவல் நோட்டீஸ் வந்தவர்கள் போன வருஷத்துத் தாளைப் பக்கத்தில் வைத்து, வரி சேர்ப்பதற்கு முந்தைய தொகையை ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று கமென்டில் போடுங்கள், வயதையும் சேர்த்து. கம்பெனி பெயர் வேண்டாம்.