துணியில் தெரியும் கை
கையால் துணி அச்சிட்ட அமெரிக்க வடிவமைப்பாளர் ரூத் ஆட்லர் ஷ்னீ பற்றிய உங்கள் கட்டுரைக்கு நன்றி. ஆனால் அவருடைய கை அச்சைப் பற்றி, "இன்றைய டிஜிட்டல் பிரிண்ட் இதைவிடத் துல்லியமானது" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

டேபிள் பிரிண்டிங்கில், அதாவது மேசையில் விரித்த துணியில் கையால் அச்சடிக்கும் வேலையில், நின்றவர்களுக்குத் தெரியும். நீள மேசையில் துணியைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஃபிரேம் (டிசைன் பதித்த வலைச் சட்டம்) வைத்து, ரப்பர் பட்டையால் சாயத்தை ஒரே அழுத்தத்தில் இழுக்க வேண்டும். ஒன்று விட்டு ஒன்றாகத்தான் அடிப்பார்கள். ஈரத்தின் மேல் அடுத்த ஃபிரேமை வைத்தால் அடித்தது அப்படியே ஈஷிக்கொள்ளும். முதல் சுற்று காய்ந்த பிறகே இடைவெளிகளை நிரப்புவார்கள். இரண்டு நிறம் லேசாக ஏறிய இடத்தில் மூன்றாவதாக ஒரு நிறம் பிறக்கும், பாருங்கள், அதைக் கணக்குப் போட்டே டிசைன் வரைபவர்கள் உண்டு. அந்த மேலேற்றத்தைப் பிசிறு என்பதா?

நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி அமெரிக்காவின் டெட்ராய்ட் வந்த குடும்பம் ரூத்துடையது. 1946-இல் கிரான்புரூக் கலைக் கல்லூரியில் முதுகலை முடித்தார். தான் வரைந்த நவீன வீட்டுக்கு ஏற்ற திரைச்சீலை கடையில் கிடைக்காததால் தானே அச்சிடத் தொடங்கினார். கணவர் எட்வர்ட் பொருளாதாரம் படித்தவர். அவரும் பட்டறையில் இறங்கிவிட்டார். (படித்த படிப்புக்கு முதலாளியாக உட்கார்ந்திருக்கலாம், மனுஷன் சாயத்தில் கை வைத்தார்!)

கட்டுரையோடு வந்த படத்தில், ரூத்தின் 'ஸ்லிட்ஸ் அண்ட் ஸ்லாட்ஸ்' துணியின் கோடுகளைக் கொஞ்சம் பெரிதாக்கிப் போட்டிருக்கலாம். ஓரங்கள் தெரியாத படத்தை வைத்துத் துல்லியம் பேசுவது எப்படி?