மோர்க் கரைசல் அரிய பாசியைக் காப்பாற்றாது
“சிங்கப்பூரின் புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியிலிருந்து ஒரு பிடி பாசி (பாறையில் படரும் moss) எடுத்து, மோரில் அரைத்துத் தோட்டத்துப் பாறையில் பூசினால் அரிய இனம் பெருகும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. மோரில் முதலில் வளர்வது பூஞ்சணம்தான்.

பாசிக்கு வேர் கிடையாது. அடியிலுள்ள மெல்லிய இழைகள் முக்கியமாகப் பிடிமானத்துக்கு. பெரும்பாலும் ஒரே செல் தடிமனுள்ள இலை வழியாகத்தான் நீரை உறிஞ்சுகிறது. அதனால் ஒரு மரம் விழுந்து வெயில் புகுந்தாலே பாறையோடு பாசியும் காய்ந்துவிடும். 163 மீட்டர் உயரமுள்ள புக்கிட் தீமா குன்றில் (நமக்கு அதுதான் மலை!) இன்னும் குளிர்ந்த உயரத்துக்கு ஒதுங்கவும் வழியில்லை.

தவிர, தேசியப் பூங்காக் கழக அனுமதியின்றி அங்கே செடி எடுப்பது குற்றம். பாதையிலிருந்தே படமெடுங்கள். காம்பு நுனியில் வித்துறை (வித்துகள் அடங்கிய சிறு உறை) தெரிந்தால் அதையும் கிட்டத்தில் எடுங்கள். இனம் பிரிக்க உதவும்.