ஆப்பிரிக்காவுக்கு எழுத்தைக் கொடுத்தவர்கள் ஐரோப்பியரா?

"ஆப்பிரிக்க மக்களுக்கு எழுத்தே இருந்ததில்லை; ஐரோப்பியர் வந்த பிறகே எழுதக் கற்றார்கள்" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வலம் வருகிறது. இது தவறு. எகிப்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்போர் உண்டு (ஏனோ, அதுவும் ஆப்பிரிக்காவில்தான் இருக்கிறது). அவர்களுக்காக அதை ஒதுக்கிவைத்தே பார்க்கலாம்.

எத்தியோப்பியாவின் பழைய அக்சூம் அரசை கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் ஆண்ட மன்னர் எசானா, தம் வெற்றிகளைக் கிரேக்கத்திலும் கீயெஸ் மொழியிலும் கல்லில் பொறிக்கச் செய்தார். கீயெஸ் எழுத்தின் வேர் தென் அரேபியாவில் உள்ளது, ஐரோப்பாவில் அன்று. நம் க, கா, கி போல, அதில் ஒவ்வொரு மெய்யும் உயிருக்கேற்ப ஏழு வடிவம் கொள்ளும். அம்காரிக், திக்ரிஞ்யா மொழிகள் இன்றும் அதிலேயே அச்சாகின்றன. சூடானின் மெரோயிட்டிக் எழுத்து அதற்கும் முந்தையது.

மாலியின் திம்பக்து நகரில் சட்டம், வானியல், மருத்துவம் பற்றி அரபு எழுத்தில் எழுதப்பட்ட கையெழுத்துப் படிகள் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களிடம் இருந்தன. 2012-இல் ஆயுதக் குழுக்கள் நகரைப் பிடித்தபோது, அவற்றைப் பெட்டிகளில் மறைத்துத் தலைநகர் பமாகோவுக்குக் கடத்தியே காப்பாற்றினார்கள்.

புதிய எழுத்துகளும் அங்கேயே பிறந்தன. லைபீரியாவின் வை மக்களுக்கு 1830-களிலும், கேமரூனில் மன்னர் ஞோயாவின் முயற்சியால் 1896 அளவிலும் எழுத்து உருவானது. கினியாவைச் சேர்ந்த சொலொமானா கான்தே 1949-இல் அமைத்த ந்கோ எழுத்தில் தொனியை (குரலின் ஏற்ற இறக்கத்தை) காட்டவும் குறியீடு உண்டு.

செய்தியில் ஓரளவு உண்மையும் இருக்கிறது: யொரூபா, சூலு, சுவாகிலி ஆகியவற்றுக்கு லத்தீன் எழுத்து பரவியதில் கிறித்தவ மிஷனரிகளுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் சுவாகிலி அதற்கு முன்பே அரபு எழுத்தில் எழுதப்பட்டுவந்தது.