மதுரைக்குக் கொண்டு போங்க

எங்க பாம்பன் பக்கம் ஆஸ்பத்திரியில இந்த மூணு வார்த்தை காதுல விழுந்தா அதுக்கு ஒரே அர்த்தம்தான். ஆள் தேற மாட்டார். ஆனா டாக்டர் சொல்ல வர்றது வேற: இங்க இல்லாத டாக்டர் அங்க இருக்கார், இன்னும் நேரம் இருக்கு, சீக்கிரம் கிளம்புங்க.

2017. படகுல இருந்து இறங்கும்போது அப்பா வழுக்கி விழுந்தார். பின்மண்டையில அடி. ராமநாதபுரத்துல ஒரு ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்தாங்க. தூங்காத கண்ணோட டாக்டர் வெளிய வந்தார். "உள்ள ரத்தக் கசிவு இருக்கு. மதுரைக்குக் கொண்டு போங்க. இதுல ஒரு கையெழுத்து." திரும்பிப் போயிட்டார். சித்தி மாரில அடிச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சாங்க.

அப்பா ஸ்ட்ரெச்சர்ல முழிச்சுத்தான் கிடந்தார். எல்லாம் கேட்டிருக்கு. என்னைக் கூப்பிட்டு, "தம்பி, ஐஸ் கம்பெனிக்கு நாலாயிரம் நிக்குது. வலைக்கடையில ஒரு பாக்கி இருக்கு..."ன்னு கடனை வரிசையாச் சொல்ல ஆரம்பிச்சார்.

108-ல வந்த தம்பிதான் அவர் காதுகிட்ட குனிஞ்சார். "ஐயா, தலைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு. அதை எடுக்குற டாக்டர் மதுரையில இருக்காரு. அதான் போறோம். வாந்தி வர்ற மாதிரி இருந்தா என்கிட்ட சொல்லுங்க." அரை நிமிஷம் ஆகியிருக்குமா? அதுக்கப்புறம் அப்பா கடனைப் பத்திப் பேசலை. "பரமக்குடி வந்துருச்சா?"ன்னுதான் கேட்டுக்கிட்டு வந்தார்.

டாக்டரை மட்டும் குத்தம் சொல்லிட முடியாது. அன்னிக்கு நாங்க பதினெட்டு பேர் வேன்ல போய் இறங்கினோம். "அட்டெண்டர் யாரு?"ன்னு கேட்டா ஆறு பேர் முன்னால வந்தோம். ஒரு மாமா கவுன்சிலருக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டுக்கிட்டு இருந்தார். ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறவங்களை அடிச்சா தண்டனைன்னு 2008-லயே தமிழ்நாட்டுல தனிச் சட்டம் போட வேண்டி வந்திருக்கு. கூட்டத்தைப் பார்த்துப் பயந்தவர் சுருக்கமாத்தான் பேசுவார். அவர் சுருக்குறதைப் பார்த்து, எதையோ மறைக்கிறார்னு நமக்குக் கோபம் வரும். அந்தக் கையெழுத்து வேற. உயிருக்கு உத்தரவாதம் இல்லைன்னு எழுதி வாங்குறாங்கன்னே ஊர்ல பேச்சு.

2019-ல இருந்து எம்.பி.பி.எஸ். பாடத்திலேயே நோயாளிகிட்ட எப்படிப் பேசணும்னு சொல்லித் தர்றாங்க. 2022-ல திறந்த நம்ம ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரிப் பிள்ளைங்களும் அதைப் படிச்சுத்தான் வருவாங்க. ராத்திரி டூட்டியில வரிசை வாசல் வரைக்கும் நிக்கும்போது அது எவ்வளவு ஞாபகம் இருக்குமோ!

நான் கேக்குறது பெரிசா ஒண்ணுமில்லை. மதுரைன்னு சொல்லும்போது ஏன்னும் சேர்த்துச் சொல்லுங்க. முழிச்சிருக்கிற ஆள்கிட்டயே சொல்லுங்க, அவர் தலைதானே. நம்ம பக்கத்துல இருந்து நிதானமா கேக்கத் தெரிஞ்ச ஒருத்தர் மட்டும் உள்ள போகட்டும். மத்தவங்க வெளிய டீ குடிங்க.

ஆப்பரேஷன் முடிஞ்சு அப்பா நல்லாத்தான் இருக்கார். ஆனா அன்னிக்கு அவர் சொன்ன கடன்ல ஒண்ணு அம்மாவுக்கு அதுவரைக்கும் தெரியாது. அந்தச் சண்டை இன்னும் ஓயலை.