குளிர்நீர்க் குழாயில் சுடுநீர்

சித்திரை, வைகாசி மாதங்களில் கிளிநொச்சியில் மதியம் இரண்டு மணிக்கு முகம் கழுவக் குழாயைத் திறந்தால், கையைச் சுடும் நீர்தான் வருகிறது. அதே நேரத்தில் எங்கள் கிணற்றில் அள்ளும் நீரோ குளிர்ந்திருக்கிறது. சில மீற்றர் ஆழத்தில் நிலத்தின் வெப்பநிலை பகலிரவுக்கேற்ப மாறாமல், அவ்விடத்தின் ஆண்டுச் சராசரியை, அதாவது ஏறத்தாழ 28 பாகை செல்சியசை, ஒட்டியே நிற்பதுதான் காரணம். அந்த நல்ல நீரை மோட்டரால் இறைத்து, நிழலே இல்லாத கொங்கிறீற்றுத் தூண்களின் மேல் நிற்கும் கறுப்புத் தாங்கியில் பகல் முழுவதும் காயவிட்டு, பின்னர் வெயிலில் கிடக்கும் குழாய் வழியாக வீட்டுக்குள் கொண்டுவருகிறோம்.

குழாயை ஒன்றரை அடி ஆழத்தில் புதைக்கும்படி பொருத்த வந்தவரிடம் நான் கெஞ்சிக் கேட்டேன். நிலம் இறுகிவிட்டது என்று சொல்லி, வேலியோரமாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அரை அங்குலக் குழாய் 30 மீற்றர் கிடந்தால் அதற்குள் மட்டும் ஏறக்குறைய 5 லீற்றர் நீர் காய்ந்துகொண்டிருக்கும். கிணறு வற்றும் காலத்தில் அதை வீணே முற்றத்தில் ஓடவிட எனக்கு மனம் வருவதில்லை. ஓடவிட்டாலும் பின்னால் வருவது தாங்கியின் சூட்டு நீரே. நீர் மெதுவாகவே ஆறும் என்பதால், குழந்தையைக் குளிப்பாட்ட நன்றாக இருட்டும்வரை காத்திருக்கிறோம்.